அணில் சாரின் ஒன்பதாம் ஸ்லைடு

1936-ஆம் வருடம் ஜூன் மாதம் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. ஓர் இலைகூட அசையவில்லை. வெயில் அதற்குள் மொட்டைமாடிச் சுவரைத் தொட்டிருந்தது. மதுரை தெற்கு வெளி வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் ஒரு ஜட்கா வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவரைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இமயம் முதல் குமரி வரை தேடினாலும், ஓர் அணில் எப்போது சாகும் என்று தவம் கிடந்து, சாகக் கிடந்த அணில்களையெல்லாம் பிழைக்கவைத்து, தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் தபால்காரர்கூடக் கையை விரித்துவிடுவார். எல்லோருக்கும் அவர் அணில் சார். வயது இருபத்தாறு. ஒரு காலேஜில் மாணவர்களுக்குத் தவளை அறுத்துக் காட்டும் உத்தியோகம். தவளையைக் கொல்வது அட்டெண்டர். அறுப்பது மட்டும்தான் இவர். இந்த வித்தியாசத்தை நான் அப்போதே குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் நூல் மில் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டு, எதைக் கண்டாலும் எண்ணிப் பார்க்கும் வியாதியோடு, அதே வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தேன். எதிர் அறை அவருக்கு. கீழே வீட்டுக்காரம்மா, வெங்காயத்தையே யோசித்துச் சேர்க்கும் சைவம்.

"என்ன தம்பி பெட்டி அது? ஆர்மோனியமா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"மைக்ராஸ்கோப்பும்மா. காலேஜோடது. சின்னதப் பெரிசாக் காட்டும்."

"அப்படியா? மாசம் பொறக்கட்டும், நீங்க குடுக்குற வாடகைய அதுல வச்சுப் பாத்துக்கிறேன்."

அணில் சார் ஓர் ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருந்தார். நம் வீட்டுக் கூரையில் ஓடுகிறதே, முதுகில் மூன்று கோடு போட்ட அணில், அதன் தோலும் முடியும் மைக்ராஸ்கோப்பில் எப்படி இருக்கும் என்பதுதான் விஷயம். அதற்குச் சென்னையில் பட்டம் தருவார்கள். அடுத்த ஜூனில் காலேஜ் திறப்பதற்குள் பட்டம் கையில் இல்லாவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் மைக்ராஸ்கோப்பும் போய்விடும். பேரையூரில் அவருடைய அப்பாவின் பருத்திக் கடையில் தராசுக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான்.

முடி கிடைப்பது சுலபமாக இருந்தது. ஒரு பெட்டிக்குள் கொய்யாப்பழத் துண்டை வைத்து, வாசலில் மரச்சீப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார். அணில் தலையை நுழைத்துத் தின்றுவிட்டுப் போகும். சீப்பில் நாலு முடி மிஞ்சும். முதல் முடியை லென்ஸுக்கு அடியில் வைத்தவர் மாடியே அதிரக் கத்தினார்.

"அண்ணே! ஓடியாங்க! கூரையப் பாருங்க!"

பார்த்தேன். ஒரு முடி, பனைமரம் அளவுக்கு நின்றது. அதன் மேல் நாட்டு ஓடு வேய்ந்தாற்போல ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில்கள். உள்ளே, ஏணிப்படி போல வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள்.

"அந்த அறைக்குள்ள பூராம் காத்துண்ணே. ஓடு போட்ட வீடு மாதிரி ஒவ்வொரு முடியும். அதான் மார்கழியில அதுக்குப் போர்வையே வேணாம்."

"எத்தனை ஓடு?" என்றேன்.

அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவ்வளவு நாளாக யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையாம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடு எண்ணுவது என் வேலையாயிற்று. அவருடைய ஆராய்ச்சிக்கும் என்னுடைய வியாதிக்கும் அப்படியொரு பொருத்தம் விழுந்தது.

இது வீட்டுக்காரம்மா காதுக்கு எட்டியது.

"தம்பி, அது முதுகுல ராமர் தடவுன கோடு இருக்குல்ல, அதுல அவரு விரல் ரேகை தெரியுதா?"

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அணில் சார் நியாயமாகப் பதில் சொன்னார்: "கோட்டுல இருக்குற முடியில கறுப்பே இல்லம்மா. லென்ஸுல வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது."

வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்ற செய்தி சந்தை விட்டு வெளியே போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் மாடிப்படியில் ஆரம்பித்த வரிசை தெருமுனை வரை நின்றது. தேங்காய், பழம், கற்பூரம். ஒவ்வொருவராக ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். போகிற போக்கில் யாரோ ஒரு பக்தை லென்ஸுக்கும் குங்குமம் வைத்துவிட்டாள்.

அன்று மாலை அணில் சார் மறுபடி பார்த்தார். உலகத்தில் எந்த அணிலின் முடியிலும் இதுவரை யாரும் கண்டிராத சிவப்பு நிறம்! ஒன்றரை நாள் அவர் சாப்பிடவில்லை. பதினான்கு பக்கம் எழுதினார். பதினைந்தாம் பக்கத்தில் நான் என் வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்தேன்.

"ஏண்ணே துடைச்சீங்க?" என்றார், அழமாட்டாத குறையாக.

தோல்தான் பெரும்பாடாகிவிட்டது. முடி மட்டும் பற்றி எழுதினால் அது சவரக்கடை ஆராய்ச்சி என்று அவருடைய காலேஜ் புரொபசர் சொல்லிவிட்டார். தோலோ, உயிர் போன சூடு ஆறுவதற்குள் ஒரு மஞ்சள் மருந்தில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மதுரை வெயிலில் கெட்டுவிடும். புரொபசர் குளோரோபாரம் பாட்டில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். கூண்டில் ஓர் அணில். பஞ்சில் மருந்தை நனைத்த அணில் சார், இது அதற்கு வலிக்குமோ என்று தானே ஒரு தரம் மோந்து பார்த்தார். நான் ஓடிவந்தபோது அவர் தரையில் மல்லாந்து கிடந்தார். அவர் விழுந்த வேகத்தில் திறந்துகொண்ட கூண்டிலிருந்து வெளியே வந்த அணில், அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தானாகச் செத்த அணில்தான் வேண்டும்.

இந்த இடத்தில் சாணை பாயைச் சொல்ல வேண்டும். தோளில் சாணைச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கத்தி தீட்டிவர ஊர் முழுக்கச் சுற்றும் மனிதர். தோலைச் சீவ அணில் சார் வைத்திருந்த கத்தியைத் தீட்டிக்கொடுப்பதும் அவர்தான். காளவாசலிலிருந்து வில்லாபுரம் வரை எந்த மரத்தில் எந்த அணில் எப்படி இருக்கிறது என்று அவர் துப்புக் கொண்டுவர ஆரம்பித்தார்.

"சார்! காளவாசல் பக்கம் ஒரு அணில் ரொம்ப முடியாமக் கெடக்கு. இன்னைக்குத் தாங்காது. வெரசா வாங்க!"

பாய் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மஞ்சள் மருந்து பாட்டிலை மடியில் அணைத்துக்கொண்டு அணில் சார் பறப்பார். திரும்பி வரும்போது பாட்டில் பாயிடம் இருக்கும். சட்டைப்பைக்குள் அணில் இருக்கும்.

"கண்ணத் தொறந்து என்னயப் பாத்துச்சுண்ணே," என்பார்.

பிறகு பஞ்சில் பால் நனைத்து ஊட்டுவார். நெல்லிக்காய் அளவு ஒத்தடம். உடைந்த காலுக்குத் தென்னங்குச்சியில் கட்டு. டிசம்பருக்குள் அவர் அறையில் ஏழு அணில்கள் பூரண ஆரோக்கியத்தோடு ஓடிக்கொண்டிருந்தன. என் தலையணையில் இலவம்பஞ்சு இல்லை. அது ஏழு கூடுகளாகப் பிரிந்து அவருடைய அலமாரிக்குப் போய்விட்டது.

பாய்க்கே பொறுக்கவில்லை. "சார், நீங்க மௌத்துக்கு வாறீகளா, வைத்தியத்துக்கு வாறீகளா? தெளிவாச் சொல்லிப்புடுங்க. ஊருக்குள்ள என் பேச்சு எடுபட மாட்டேங்குது. நான் சாகும்னு சொன்ன அணிலு ஒண்ணுகூடச் சாக மாட்டேங்குது!"

இதற்கிடையில் என் பிடரியில் ஒரு மரு வளர்ந்து, சட்டைக் காலர் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிடச் சொன்னார்கள். துணைக்கு அணில் சார் வந்தார். டாக்டர் வெட்டி வாளியில் போடப்போன நேரத்தில், இடுப்பிலிருந்து மஞ்சள் மருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"கொஞ்சம் இதுல போடுங்க டாக்டர்."

"எதுக்கையா?"

"ஒப்பிட்டுப் பாக்கணும்."

"எதோட?"

"அணிலோட."

டாக்டர் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். அடுத்த வாரம் என் பிடரி மெழுகுக் கட்டிக்குள் உட்கார்ந்து, வாழைக்காய்ச் சீவல் போல மெல்லிசாகச் சீவப்பட்டு, ஸ்லைடு என்னும் கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டியிருந்தது. மனிதனுக்கு உடம்பு முழுக்க வேர்வைச் சுரப்பி உண்டு, அணிலுக்கு உள்ளங்காலில் மட்டும்தான் என்பதைக் காட்ட நான் தேவைப்பட்டேனாம்.

ஜனவரிக் கடைசியில் அது நடந்தது. காளவாசலிலிருந்து முதலில் வந்த அணில், வரும்போதே கிழடு. அதை நாங்கள் 'பெரியவர்' என்போம். ஒருநாள் காலையில் அணில் சாரின் உள்ளங்கையில் உட்கார்ந்து பாதி நிலக்கடலை தின்றது. மீதியை வைத்துக்கொண்டே கண்ணை மூடிவிட்டது.

ஏழு மாதமாகக் காத்திருந்த மனிதர், கையை நீட்டினபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. சூடு ஆறிக்கொண்டிருந்தது.

தீட்டிய கத்தியைக் கொடுக்க வந்திருந்த பாயிடம், "பாய், நீங்க வெட்டுங்க," என்றேன்.

"தீட்டுறதுதாண்ணே நம்ம தொழிலு. வெட்டுறது இல்ல." பாய் கத்தியை என்னிடம் நீட்டினார்.

அதற்குள் வீட்டுக்காரம்மா படியேறி வந்துவிட்டாள். "கத்தி படக் கூடாது! ராமர் கை பட்ட முதுகு. முழுசா வச்சுப் பால் ஊத்திப் பொதைக்கணும்."

"அம்மா, கோடு இல்லாம ஆராய்ச்சி இல்ல. ஆராய்ச்சி இல்லாட்டி சார் பேரையூருக்குப் போகணும்," என்றேன். அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்தாள், செத்துக் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்: "ரெண்டு கோடு சாமிக்கு. ஒரு கோடு காலேஜுக்கு. ராமர் கை படாத வயிறு, வால், உள்ளங்கால்ல ஒரு துளி எடுத்துக்கங்க. அதுக்கு மேல ஒரு முடி போகக் கூடாது."

வெட்டியது நான். பேரேட்டில் கோடு போட்டுப் பழகிய கை; கோடு நேராகத்தான் வந்தது. பெரியவர் கொல்லை முருங்கைக்கு அடியில் பாலோடும் இரண்டு கோடுகளோடும் போய்ச் சேர்ந்தார்.

மதுரை வெயிலில் மெழுகு நிற்காது, சீவினால் குழைந்துவிடும். பாய் சர்பத் கடையிலிருந்து பனிக்கட்டி கொண்டுவருவார். சீவலைக் கண்ணாடியில் ஒட்ட முட்டையின் வெள்ளைக்கரு வேண்டும்; அதையும் சாணைச் சக்கரப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்தார்.

"என்ன தம்பி, கவுச்சி அடிக்குது?" என்று கீழேயிருந்து குரல் வரும்.

"சாணைக்கல்லு வாடைம்மா!" என்பார் பாய்.

கடைசியில் பன்னிரண்டு ஸ்லைடுகள் தேறின. ஒன்பது அணில், மூன்று நான். ஒவ்வொன்றிலும் இன்னது என்று எழுதிய சீட்டை அரிசிமாவுப் பசையால் ஒட்டி மேஜையில் வைத்துவிட்டு, மூடி அடிக்கப் பெட்டி வாங்கப் போனோம். அந்தப் பகல் பொழுதில் மற்ற ஆறு அணில்களும் பசையை நக்கித் தின்று, சீட்டுகளைத் தரையெங்கும் உதிர்த்துவிட்டன. பெருக்க வந்த வீட்டுக்காரம்மா, பிள்ளைகள் வந்து பார்த்தால் மனசு உடைந்துபோகுமே என்று, புதிதாகப் பசை காய்ச்சி, கோலம் போடுகிற கையால் ஒரு பிசிறில்லாமல் எல்லாவற்றையும் திரும்ப ஒட்டிவைத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நாங்கள் வந்து பார்த்தோம். இவ்வளவு அழகாகவா ஒட்டினோம் என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு ஆணி அடித்து அனுப்பினோம்.

ஏப்ரலில் சென்னைப் பரீட்சகரிடமிருந்து கடிதம் வந்தது. அணில் சார் வாசிக்க வாசிக்க வெளுத்துப்போனார். ஒன்பதாம் ஸ்லைடில் 'அணில், முதுகு' என்று எழுதியிருக்கிறதாம். 'இந்த அணில் முதுகெல்லாம் வேர்க்கும் ஜாதியாகவும், காலர் வைத்த சட்டை போடும் வழக்கம் உள்ளதாகவும் தெரிகிறது. மாறாக, கணக்கர் பிடரி என்ற ஸ்லைடில் ராமர் கோடு தெளிவாக இருக்கிறது. உமது கட்டுரையில் உள்ள அளவுகள் அணிலுடையவையா, கணக்கருடையவையா? நேரில் வந்து நிரூபிக்காவிட்டால் பட்டம் இல்லை.'

"எல்லாம் விழுந்து கெடந்துச்சு தம்பி, நாந்தான் ஒட்டி வச்சேன்," என்று வீட்டுக்காரம்மா அப்போதுதான் பெருமையாகச் சொன்னாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அணில் சார் என் கையைப் பிடித்தார். "அண்ணே, நீங்களும் வரணும். ஒன்பதாம் ஸ்லைடு நீங்கதான்."

மே மாதக் கடைசி வாரம் சென்னையில் பரீட்சகருக்கு முன்னால் நின்றோம். அவருக்கு அறுபது இருக்கும். தலை மட்டும் இருபத்தைந்திலேயே நின்றுவிட்டது, அப்படி ஒரு கறுப்பு.

"இவர் யார்?" என்றார் என்னைக் காட்டி.

"ஒன்பதாம் ஸ்லைடுங்க ஐயா."

என்னைத் திரும்பச் சொல்லி, குனியச் சொல்லி, கைலென்ஸால் தழும்பைப் பார்த்தார். "உமக்கு வேர்வை அதிகம்தான்," என்றார். அப்போது அதைக் காண லென்ஸ் வேண்டியிருக்கவில்லை.

பிறகு சீட்டுகளை மறைத்துவிட்டு, ஸ்லைடுகளைக் கலைத்து ஒவ்வொன்றாக வைத்தார். அணில் சார் தயங்கித் தயங்கித்தான் குனிந்தார். ஆனால் கண் லென்ஸில் பட்டதும் ஆள் மாறிவிட்டார்.

"அணில், உள்ளங்கால். வேர்வைச் சுரப்பி இதுல மட்டுந்தான். அடுத்தது அணில், வயிறு. இது அண்ணன். இது அணில், வால். இது அண்ணன். இது அண்ணன் இல்லீங்க, கோட்டு ஓரம்."

பன்னிரண்டும் சரி. பரீட்சகர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஏதோ செய்து, ஒரு முடியைக் கொண்டுவந்து வைத்தார். "கடைசியாக இது."

அணில் சார் நெடுநேரம் பார்த்தார். "மனுச முடிங்க ஐயா."

"சரி."

"நரைச்ச முடி."

பரீட்சகர் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஓட்டுக்கு மேல கறுப்புச் சாயம் அப்பியிருக்கு. உள்ள பூராம் வெள்ளை. ரெண்டு நாளைக்கு முன்னாலதான் போட்டிருக்கணும்..."

பரீட்சகரின் இரண்டு காதுகளும் சிவந்துகொண்டே வந்தன. மேஜையில் கையெழுத்துப் போடவேண்டிய காகிதம். அதன் மேல் மூடிய பேனா. பேரையூர்த் தராசு என் கண்முன்னால் ஆடியது.

"அது என் முடிதாங்க ஐயா," என்றேன். "முந்தாநாள்தான் சாயம் போட்டேன். உங்கள் மேஜையில் உதிர்ந்திருக்கும்."

அவர் என் தலையைப் பார்த்தார். உப்பும் மிளகும் கொட்டிய தலை; ஒரு சொட்டுச் சாயம் கண்டதில்லை. "ஆமாம், உம்முடையதுதான்," என்று பெருமூச்சு விட்டார்.

"என்னண்ணே சொல்றீங்க?" என்று அணில் சார் நிமிர்ந்தார். "நீங்க எப்ப சாயம் போட்டீங்க? உங்க முடிய நான் எம்புட்டுத் தடவை..."

அவருடைய பாதத்தின் மேல் என் குதிகாலை வைத்து முழு எடையோடு நின்றேன். பரீட்சகர் பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்ததும் நொண்டிக்கொண்டே கேட்டார்: "எதுக்குண்ணே மிதிச்சீங்க?"

"தம்பி, அவர் தலையைப் பாக்கலையா நீங்க?"

"எங்கண்ணே பாத்தேன்? லென்ஸத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்."

மதுரை திரும்பியதும் சந்தில் சர்க்கரைப் பொங்கல். பாய் அன்று யார் கத்தியையும் காசு வாங்காமல் தீட்டினார். வீட்டுக்காரம்மா என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சாயம் போட்டீகளாமே? ஒண்ணும் ஒட்டலையே," என்றாள்.

பரீட்சகருக்கு என் மேல் ஏற்பட்ட நன்றி அதோடு நிற்கவில்லை. திருநெல்வேலியில் ஒரு காலேஜுக்கு அவரே கைப்பட எழுதி, அணில் சாருக்கு லெக்சரர் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டார். இதைவிட இரண்டு மடங்கு சம்பளம், புது மைக்ராஸ்கோப். சந்தோஷமான விஷயம்தான். நான் சொன்ன ஒரு பொய் அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்று நான் கணக்குப் போடவில்லை.

வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பார டிக்கெட்தான் வாங்கியிருந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, அடுத்த ஆராய்ச்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார். வௌவால் இறக்கைத் தோல். "அதுல பாருங்கண்ணே, முடியே இல்லைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. ஆனா..." என்றார். கார்டு விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று தெரியாமல் எப்படி வீட்டுக்குப் போவது? ஏறிவிட்டேன்.

திருமங்கலத்தில் டிக்கெட் பரிசோதகர் என்னை இறக்கினார். "பிளாட்பார டிக்கெட்ட வச்சுக்கிட்டு எங்கய்யா போறீரு?"

"எங்கயும் போகலைங்க. பேச்சு முடியல," என்றேன்.

கட்டணமும் அபராதமும் சேர்த்துக் கேட்டார். எண்ணிப் பார்க்காமல் கொடுத்துவிட்டு, வண்டி கண்ணுக்கு மறைகிற வரை நின்றேன். மீதிச் சில்லறையைப் பார்த்துத்தான் எவ்வளவு கொடுத்தேன் என்று பிறகு கண்டுபிடித்தேன். வாழ்நாளில் நான் ரசீது கேட்காமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்: பதினோரு அணா.